பேட்ஜ் யாருக்கு, கவனிப்பு யாருக்கு? கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் மாணவர் தலைமையும் மாணவர் நலமும்

கேள்வி, ஜூன் 9

என் மகன் கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இந்த வருடம் "மாணவர் நலம்" என்று வாரத்துக்கு ஒரு பீரியட், "தலைமைப் பயிற்சி" என்று சனிக்கிழமை முகாம், நடுவில் ஒரு நாள் தியானம், அதாவது பேச்சாளரை வைத்து நடத்தும் ஆன்மிக நாள். படிக்கிற நேரம்தான் போகிறது. மாணவர் தலைவர் பேட்ஜ் வழக்கம்போல முதல் ரேங்க் பையன்களுக்கு. ஆலோசகர் அறைக்குப் போகிற பையனை மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். இதெல்லாம் யாருக்காக நடக்கிறது?

ஜூன் 9, இரவு

உங்கள் கேள்வியில் கடைசி மூன்று வரிதான் விஷயமே. நேரம் போவது பற்றி அப்புறம் பேசலாம்.

இப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பாசிரியர், கூடவே மாணவர் மன்றப் பொறுப்பு. நான் பார்த்தவரை குறை எங்கே என்றால், தலைமை என்பது நன்றாக இருக்கும் பையன்களுக்கு, நலம் என்பது ஏதோ சரியில்லாத பையன்களுக்கு என்று பள்ளி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவனுக்குச் சட்டையில் பேட்ஜ், இன்னொருவனுக்கு "அவனை ஆலோசகர்கிட்ட அனுப்பியிருக்காங்கடா" என்ற பெயர். இப்படிப் பிரித்து வைத்தால் கிண்டல் வராமல் என்ன செய்யும்?

இரண்டும் ஒரே வேலை என்பது என் கட்சி. தன் வகுப்பில் எந்தப் பையனும் யார் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடாது என்று பார்த்துக்கொள்வதுதான் மாணவர் தலைவனின் முதல் வேலை. அசெம்பிளியில் வரிசையைச் சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜூன் 10

"இது புது மோஸ்தர் சிந்தனை, கத்தோலிக்கப் பள்ளி மரபு ஒழுங்குதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மரபையே எடுத்துக்கொள்வோம்.

பிரெஞ்சுக் குரு புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651–1719) ஆரம்பித்த, பள்ளி நடத்தும் துறவற சபையின் பள்ளிகளுக்கு என்று ஒரு கையேடு உண்டு. அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1720ல், பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் அச்சானது. வகுப்பில் மாணவர்களுக்கு என்னென்ன பொறுப்புகள் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. ஜெபம் சொல்பவன், மணி அடிப்பவன், தாள் விநியோகிப்பவன், கூட்டிப் பெருக்குபவன், சாவி வைத்திருப்பவன். இந்த வரிசையில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: வராத மாணவர்களைப் போய்ப் பார்ப்பவன். தன் பகுதியில் இருக்கும் பையன் பள்ளிக்கு வராவிட்டால் அவன் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாதவனை அவ்வப்போது பார்த்து ஆறுதல் சொல்லவும் வேண்டும்.

முந்நூறு ஆண்டுக்கு முந்தைய பள்ளி இது. ஏழைப் பிள்ளைகள், நெரிசலான வகுப்பு, கண்டிப்பான ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குள்ளேயே ஒரு பையனை இன்னொரு பையனுக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். இன்று நம் பள்ளிகளில் மணி அடிக்கிறவன் இருக்கிறான், ஜெபம் சொல்கிறவன் இருக்கிறான். வராதவனைத் தேடிப் போகிறவனை மட்டும் காணோம். அந்த வேலையை வருகைப் பதிவேடும் பெற்றோர் கைப்பேசிக்குப் போகும் குறுஞ்செய்தியும் பார்த்துக்கொள்கின்றன.

ஜூன் 10, கொஞ்சம் கழித்து

வீட்டுக்கே அனுப்பச் சொல்கிறேனா என்று கேட்டவருக்கு: இல்லை. காலம் வேறு. நாங்கள் செய்வது சின்ன அளவில்தான். வகுப்புக்கு இரண்டு பையன்கள். ஒருவன் தொடர்ந்து வராவிட்டால் அவனுக்கான நோட்ஸைச் சேர்த்து வைப்பது, வீட்டுக்குத் தெரிந்து ஒரு முறை போனில் பேசுவது, அவன் திரும்பி வரும் நாளில் இடைவேளையில் கூட இருப்பது. அவ்வளவே. பையன்கள் இதற்கு "ஆப்சென்ட் அமைச்சர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

நீண்ட நாள் லீவுக்குப் பிறகு வந்த ஒரு எட்டாம் வகுப்புப் பையன் இந்த இருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "நான் வராதது தெரிஞ்சுதாடா?" "தெரியாம? உன் இடத்துல பைய வெச்சு வெச்சு எனக்கே போரடிச்சுப் போச்சு." கேட்டவன் முகம் மாறியதைப் பார்த்தேன். எந்த நலவாழ்வு பீரியடிலும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

ஜூன் 13

ஏழைப் பையன்களுக்காகச் சலேசிய சபையைத் தொடங்கிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோவை விட்டுவிட்டேனே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். விடவில்லை, அவரைப் பற்றி எழுத நிறைய இருப்பதால் தள்ளிப்போட்டேன்.

அவருடைய முறையில் மூன்று தூண்கள் என்று சலேசியப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் மனப்பாடம்: பகுத்தறிவு, சமயம், அன்பு. அவர் 1884 மே மாதம் உரோமையிலிருந்து துரின் நகரில் பையன்களுக்காக நடத்திய தன் இல்லத்துக்கு எழுதிய கடிதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பையன்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அதில் அவர் வருத்தப்படும் இடம் வகுப்பறை இல்லை, விளையாட்டு மைதானம். முன்பெல்லாம் பெரியவர்கள் இடைவேளையில் பையன்களோடு ஓடியாடி இருந்தார்கள், இப்போது தள்ளி நின்று மேற்பார்வை செய்கிறார்கள், அதனால் பையன்கள் மனம் திறப்பதில்லை என்கிறார்.

இடைவேளையில் உங்கள் மகன் பள்ளி ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நாள் அவனிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டாஃப் ரூமில் என்றால், எத்தனை நலவாழ்வு பீரியட் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது.

அப்புறம் தொன் போஸ்கோவின் இல்லத்தில் படித்து, பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட தோமினிக் சாவியோ. பதினைந்து வயது நிறையும் முன்பே, 1857 மார்ச்சில் இறந்துபோன பையன். படங்களில் கைகூப்பி மேலே பார்த்துக்கொண்டிருப்பான், அதனால் பையன்களுக்கு அவன்மேல் ஒட்டுதல் வருவதில்லை. அவன் புனிதனாக வேண்டும் என்று முடிவு செய்ததும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு விளையாட்டை விட்டு ஒதுங்க ஆரம்பித்தான். உடலை வருத்திக்கொள்ளும் கடுந்தவமெல்லாம் செய்யப் பார்த்தான். தொன் போஸ்கோ அதைத் தடுத்து, சந்தோஷமாக இரு, உன் கடமையைச் செய், மற்றப் பையன்களோடு போய் விளையாடு என்றார். மனநலம் என்ற பேச்சே பள்ளிகளில் இல்லாத காலத்தில், ஒரு பதின்வயதுப் பையன் தன்னைத்தானே வருத்திக்கொள்வதைக் கவனித்து நிறுத்திய பெரியவர் அவர். நன்னெறி வகுப்பில் சாவியோவின் அற்புதங்களைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

அந்தச் சாவியோ 1856ல் நண்பர்களோடு சேர்ந்து அமல உற்பவ அன்னை பெயரில் ஒரு சிறு குழு தொடங்கினான். புதிதாக வந்த பையன், தனியாக நிற்கும் பையன், யாரோடும் ஒத்துப்போகாத பையன், இவர்களை ஆளுக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்துக்கொள்வது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. 1859ல் சலேசிய சபை பிறந்தபோது அதில் சேர்ந்தவர்களில் பலர் இந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள். தலைமைப் பயிற்சி முகாம் இல்லாமலே தலைவர்கள் உருவான கதை இது.

ஜூன் 14

ஆலோசகர் அறை பற்றி. எங்கள் பள்ளியில் அது முதலில் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே இருந்தது. அங்கே நிற்கும் பையனைப் பார்த்தால் ஏதோ தப்பு செய்தவன் என்றுதான் யாருக்கும் தோன்றும். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். பந்து வாங்கப் போகிறவனும் பேசப் போகிறவனும் ஒரே வராந்தாவில் நடக்கிறார்கள். கிண்டல் குறைந்தது. செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று. பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை விட ஏதாவது வேலை செய்துகொண்டே பக்கவாட்டில் பேசுவார்கள். விழா முடிந்து ஹாலில் நாற்காலி அடுக்கும்போது நான் கேட்ட விஷயங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒருநாளும் வந்ததில்லை. பத்து நாற்காலி அடுக்குவான், ஒரு வாக்கியம் சொல்வான். மறுபடி அடுக்குவான். அவசரப்படுத்தினால் போச்சு.

ஜூன் 17

இது பெரிய பதிவு, பொறுமையாகப் படியுங்கள். மேலே எழுதியதை வைத்து "எல்லாவற்றையும் பையன்கள் தலையில் கட்டிவிடலாம்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாற்பது பேர் உள்ள வகுப்பு என்றால் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரில் யாராவது ஒருவன் முதலில் வாயைத் திறப்பது பெரும்பாலும் இன்னொரு பையனிடம்தான். கேட்பவனுக்கு வயது பதினைந்து. அவனுக்கு என்ன செய்வது என்று தெரியாது. அவன் செய்யக்கூடிய பெரிய ஆபத்தான காரியம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா" என்று வாக்குக் கொடுப்பது. நட்பில் அது பெரிய விஷயம், அதனால் கட்டாயம் கொடுப்பான்.

அதனால் மாணவர் தலைவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரு வாக்கியம்: "நீ சொல்றத ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னா ஒரு பெரியவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், நானும் கூட வரேன்." இதை வாயால் சொல்லிப் பழக வேண்டும், தாளில் படித்தால் ஏறாது. ஜோடி ஜோடியாக உட்கார வைத்துச் சொல்ல வைப்பேன். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எதைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அவன் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால். யாராவது அவனை அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால், அது வீட்டிலோ பள்ளியிலோ கோயிலிலோ, யாராக இருந்தாலும். அவன் இன்னொருவனைக் காயப்படுத்தப் போவதாகச் சொன்னால். இவை அன்றைக்கே, மணி அடிக்கும் வரை காத்திருக்காமல் ஒரு பெரியவரிடம் வர வேண்டும். பெரியவர் வரும்வரை அவனைத் தனியாக விடக் கூடாது. மற்றதெல்லாம், மார்க் பயம், வீட்டில் சண்டை, நண்பன் பேசவில்லை, இதையெல்லாம் அவன் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடாதா என்று ஆசிரியர்களே பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கேட்பது பாதுகாப்பானது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கேட்க வேண்டியது பெரியவர்கள். பையன் செய்ய வேண்டியது, கையைப் பிடித்து அந்தப் பெரியவரிடம் கூட்டி வருவது.

ஜூன் 17, இரவு

மேலே சொன்னதோடு சேர்த்து ஒன்று. கேட்டவனையும் யாராவது கேட்க வேண்டும். ஒரு கனமான விஷயத்தைக் கொண்டுவந்து கொடுத்த பையனை "நல்ல வேலை செஞ்சே, கிளாஸுக்குப் போ" என்று அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவன் அன்றிரவு தூங்க மாட்டான். மறுநாளும் அடுத்த வாரமும் அவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

ஜூன் 18

"பாவசங்கீர்த்தனம் இருக்கும்போது ஆலோசகர் எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். குருவிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைத்தான் சொல்கிறார், ஒப்புரவு அருட்சாதனம் என்பதும் அதுவே. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. அது அருட்சாதனத்தின் காவல். ஆனால் அடிபடும் பையனுக்கு வேண்டியது வெளியே வந்து ஏதாவது செய்யக்கூடிய ஆள். நல்ல குரு அந்தப் பையனிடம் "இதை வெளியே வந்து ஆலோசகரிடமும் சொல்" என்று ஊக்கப்படுத்துவார். இரண்டும் வேண்டும், ஒன்றின் இடத்தை இன்னொன்று நிரப்பாது.

தவிர, நம் பள்ளிகளில் கத்தோலிக்கர் அல்லாத பையன்களும் படிக்கிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள்?

ஜூன் 22

சரி, பேட்ஜுக்கு வருவோம்.

மார்க்கை வைத்துக் கொடுப்பது தவறு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். வேறு எதை வைத்து? வாக்கெடுப்பு என்றால் கிரிக்கெட் ஆடுகிறவனும் சத்தமாகப் பேசுகிறவனும் ஜெயிப்பார்கள். ஆசிரியர் பரிந்துரை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கிறவன்.

நாங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம். ஒரே கேள்வி: "பள்ளியில் பயமாக இருந்தால் எந்த அண்ணனிடம் போவாய்?" வந்த பெயர்களில் பாதி ஆசிரியர்கள் யாரும் நினைத்துப் பார்க்காதவை. திரும்பத் திரும்ப வந்த ஒரு பெயர் பதினொன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சு, எந்தப் போட்டியிலும் இல்லாத பையன். விசாரித்தால், தண்ணீர்க் குழாய் பக்கம் பெரிய பையன்கள் சின்னவர்களைத் தள்ளிவிட்டு முந்தும்போது இவன் தினமும் அங்கே நின்று, பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

"ஏன்டா செஞ்சே?" என்று கேட்டேன். "அவங்க தண்ணி குடிக்காமலே கிளாஸுக்குப் போயிடறாங்க சார்" என்றான். வேறு விளக்கம் அவனிடம் இல்லை.

ஜூன் 23

அதற்காக வாக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோற்பது, தோற்றபின் ஜெயித்தவனோடு வேலை செய்வது, இது பையன்கள் கற்க வேண்டிய பாடம். துண்டுச் சீட்டில் வந்த பெயர்கள் வேட்பாளர் பட்டியலில் இடம்பெறட்டும், பிறகு வாக்குப் போடட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சரிவரும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 27

மாணவர் மன்றக் கூட்டத்தில் என்ன பேசுவது என்று கேட்டவர்களுக்கு. பெல்ஜியத்துக் குரு ஜோசப் கார்டைன் 1925ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தெடுத்தபோது இளைஞர்களுக்குக் கொடுத்த முறை: பார், சிந்தி, செயல்படு. 1961ல் திருத்தந்தை 23ஆம் யோவான் தன் சுற்றுமடலில் அதை எடுத்துச் சொன்னார். கிறிஸ்தவ மாணவர் இயக்கத்திலும் அதே முறைதான். ஆனால் நம் கூட்டங்களில் "பார்" என்பதைத் தாண்டிக் குதித்து நேரே "செயல்படு"க்குப் போய்விடுகிறார்கள். போஸ்டர் வரைவோம், பேரணி போவோம்.

எங்கள் பையன்கள் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, போகப் பயமாக இருக்கும் இடங்களுக்குச் சின்ன வகுப்புகளைச் சிவப்பு அடிக்கச் சொன்னார்கள். கழிப்பறைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடம், மாடிப்படியின் திருப்பம். ஆசிரியர் கண் போகாத இடங்கள் எல்லாம் சிவப்பு. அதற்குமேல் சிந்திக்க அதிக நேரம் ஆகவில்லை. இடைவேளையில் இரண்டிரண்டு சீனியர்கள் அங்கே போய் நின்று சும்மா பேசிக்கொண்டிருப்பது என்று முடிவானது. காவலாக நிற்கக் கூடாது, விசில் கூடாது, எழுதிக் கொடுக்கக் கூடாது என்று அவர்களே விதி போட்டார்கள்.

ஜூன் 30

தியானம் பற்றி எதுவும் எழுதவில்லையே என்கிறீர்கள். ஒரு நாள் தியானம் நல்லது, ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் அழ வைத்து அனுப்பும் தியானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சாளர் பெற்றோர் தியாகம் பற்றி உருக்கமாகப் பேசுகிறார், பையன்கள் அழுகிறார்கள், மறுநாள் அந்த அழுகையைப் பற்றிப் பேச யாருமில்லை. அதை விட இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்மச் சோதனை, நாள் முடிவில் சில நிமிடம், இன்று எதற்கு நன்றி, எங்கே தடுமாறினேன், நாளைக்கு என்ன என்று அமைதியாகத் திரும்பிப் பார்ப்பது, கடைசி பீரியட் முடிவில் தினமும் செய்யலாம். பிற சமயப் பையன்களும் தங்கள் வழியில் செய்ய முடிகிறது.

முகாம்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடியற்காலை எழுப்பி நள்ளிரவு வரை நிகழ்ச்சி வைக்காதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நலம் பற்றிய முகாமில் தூக்கத்தைப் பறிப்பது எந்த வகையில் சேர்த்தி?

ஜூலை 2

சேவைத் திட்டங்கள். முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவது பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1973ல் வலென்சியாவில் ஐரோப்பிய இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் முன்னால் சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். உங்களை நீதிக்காக நாங்கள் உருவாக்கினோமா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வசதியானவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள். சிலருக்குக் கோபம் வந்தது.

இன்னும் பழைய உதாரணம் ஃபிரெடெரிக் ஓசானாம். 1833ல் பாரிசில், ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினரின் வின்சென்ட் தே பவுல் சபையின் முதல் குழுவைத் தொடங்கியபோது அவர் இருபது வயதுக் கல்லூரி மாணவர். ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று வழிகாட்டியவர் அந்தப் பகுதியில் பல காலம் ஏழைகளோடு இருந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து. இளைஞர்களின் வேகம், கூடவே அனுபவமுள்ள ஒருவர். இந்த இரண்டாவது பாதியை நம் பள்ளிகள் விட்டுவிடுகின்றன. பையன்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறோம், போகுமுன் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பதில்லை, வந்தபின் என்ன பார்த்தாய் என்று கேட்பதில்லை. அதே இல்லத்துக்கு, அதே முதியவரிடம், வருடம் முழுக்கப் போகட்டும். பெயர் தெரியட்டும். படம் வேண்டாம்.

ஜூலை 5

எழுத மனம் வராத விஷயம், ஆனால் எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கத்தோலிக்க நிறுவனங்களில் சிறுவர்கள்மேல் நடந்த அத்துமீறல்கள் பல நாடுகளில் வெளிவந்தன. மறைத்ததும் வெளிவந்தது. 2014ல் திருத்தந்தை பிரான்சிஸ் சிறார் பாதுகாப்புக்கு ஓர் ஆணையம் அமைத்தார். 2019ல் இப்படிப்பட்ட தகவல் தெரிந்த குருக்களும் துறவிகளும் அதை உரிய திருஅவை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். அதனால் மாணவர் நலம் என்று பேசும் எந்தக் கத்தோலிக்கப் பள்ளியும் பெரியவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பையனோடு தனியாகப் பேசும் அறைக்குக் கண்ணாடிக் கதவு. முகாமில் இரவுப் பொறுப்பில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கக் கூடாது. புகாரை யாரிடம் சொல்வது என்று சுவரில் இரண்டு பெயர், அதில் ஒருவர் பள்ளிக்கு வெளியே உள்ளவர். சபையின் நல்ல பெயர் இதனால் கெடாது. மறைத்தபோதுதான் கெட்டது.

ஜூலை 8

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: பையனுக்குப் பேட்ஜ் கிடைக்கவில்லை, முகாமுக்குப் போக மாட்டேன் என்கிறான், கட்டாயப்படுத்தவா?

கட்டாயப்படுத்த வேண்டாம். ஏன் வேண்டாம் என்கிறான் என்று முதலில் கேளுங்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார வைத்து வேண்டாம், வண்டியில் போகும்போதோ ஏதாவது வேலை செய்யும்போதோ. முகாமில் யாரோ இருக்கிறார்கள் என்பதற்காகப் பயப்படுகிறானா, பேட்ஜ் கிடைக்காத வருத்தமா, வெறும் தூக்கமா, மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், என் மகன் இடைவேளையில் யாரோடு இருக்கிறான் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பள்ளியை நம்பலாம். தெரியாவிட்டால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள். பேட்ஜ் இல்லாமலே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அவன் வகுப்பில் இப்போது யாராவது தொடர்ந்து வராமல் இருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தால் நோட்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

துண்டுச் சீட்டின் மாதிரி கேட்டவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஒரே கேள்விதான், ஆனால் சீட்டைப் பையன்களிடமிருந்து வாங்கும் ஆள் வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது.